இன்சுலின் ஊசின்னாலே பயமா? 'கடைசி கட்டம்' என்பது உண்மையா? முதல் ஊசிக்கு முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு கிராமம். ஐம்பத்தஞ்சு வயதைத் தாண்டிய ஒரு அம்மாவை நினைச்சுக்கோங்க. சுகர் வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. காலையில் ரெண்டு மாத்திரை, ராத்திரி ரெண்டு மாத்திரை. இருந்தும் வெறும் வயிற்றில் பார்த்தால் 240, சாப்பிட்ட பிறகு பார்த்தால் 350. ராத்திரி நாலு தடவை எழுந்து சிறுநீர் கழிக்கிறார். ரவிக்கை தொளதொளன்னு ஆகுற அளவுக்கு உடம்பு இளைச்சிருக்கு. கால் பெருவிரலில் ஒரு புண், மூணு வாரமா ஆறலை.

அரசு மருத்துவமனையில் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு, "இன்சுலின் ஆரம்பிச்சிடலாம்மா" என்கிறார். அந்த அம்மாவின் முகம் மாறிடுது. "அய்ய, ஊசியெல்லாம் வாணாம் டாக்டரு. மாத்திரையே இன்னும் ரெண்டு சேத்து குடுத்துடுங்க. வாயக் கட்டிக்கிறேன்."

இவர் கற்பனை மனிதர்தான். ஆனால் இந்தப் பேச்சைக் கேட்காத சுகர் டாக்டரோ நர்ஸோ தமிழ்நாட்டில் இருக்க வாய்ப்பே இல்லை. ஊருக்கு ஊர் வார்த்தை மாறும், பயம் ஒண்ணுதான். 'ஊசி வந்துட்டா கதை முடிஞ்சுது' என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமா இறங்கியிருக்கு. பலர் அடுத்த முறை மருத்துவமனைப் பக்கமே வருவதில்லை. மாசங்கள் ஓடுது, சில சமயம் வருஷங்களும். சேதாரம் நடப்பது அந்த இடைவெளியில்தான்.

மாத்திரை ஏன் போதாமல் போகுது?

ஏரிப் பாசனம் பார்த்தவர்களுக்கு இதைப் புரிஞ்சுக்கிறது சுலபம். ஏரி நிறைய தண்ணி இருந்தாலும் மதகு திறந்தால்தான் வயலுக்குப் பாயும். ரத்தத்தில் உள்ள சர்க்கரைதான் ஏரித் தண்ணி. உடம்பின் செல்கள்தான் வயல். மதகைத் திறக்கிற வேலை இன்சுலினுடையது. மதகு திறக்கலைன்னா ஏரி தளும்பும், பயிர் காயும். ரத்தத்தில் சர்க்கரை 350 இருந்தும் அந்த அம்மாவுக்கு உடம்பு இளைச்சு, சோர்வா இருப்பதற்குக் காரணம் இதுதான். சர்க்கரை இருக்கு, ஆனா உள்ளே போகலை.

இன்சுலினைச் சுரப்பது கணையத்தில் உள்ள பீட்டா செல்கள். டைப் 2 எனப்படும், பெரும்பாலானோருக்கு வரும் சர்க்கரை நோயில் முதலில் மதகு இறுகும். அதைத் திறக்க கணையம் கூடுதலா உழைக்கும். உழைச்சு உழைச்சு ஒரு கட்டத்தில் செல்கள் களைச்சுப்போகும். பிரிட்டனில் 20 வருஷம் நடந்து 1998-ல் முக்கிய முடிவுகள் வெளியான யு.கே.பி.டி.எஸ். ஆய்வு ஒரு விஷயத்தைத் தெளிவாகக் காட்டியது: சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே இன்சுலின் சுரக்கும் திறனில் சுமார் பாதி போயிருக்கு. அதுக்கப்புறமும் வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டேதான் வருது.

மெட்ஃபார்மின் மாதிரி மாத்திரைகள் மதகை இளக்கிக் கொடுக்கும். கிளிமிபிரைட் மாதிரி மாத்திரைகள் கணையத்தைத் தட்டி, 'இன்னும் கொஞ்சம் சுர' என்று சொல்லும். ஆனா சுரக்க சரக்கே இல்லாத கணையத்தைத் தட்டி என்ன பிரயோஜனம்? கிணத்துல தண்ணி இல்லாம மோட்டாரை மட்டும் பெருசு பண்ற கதைதான். அந்த இடத்தில் வெளியிலிருந்து இன்சுலின் கொடுக்க வேண்டியிருக்கு.

இதில் கவனிக்க வேண்டியது ஒண்ணு உண்டு. 'நான் வாயைக் கட்டலை, அதனால்தான் ஊசி வந்துடுச்சு' என்று பலர் குற்ற உணர்வில் குமையறாங்க. வீட்டில் உள்ளவங்களும் அதையே குத்திக் காட்டுவாங்க. சில டாக்டர்கள்கூட, 'ஒழுங்கா இல்லைன்னா ஊசி போட்டுடுவேன்' என்று மிரட்டிப் பழகியிருக்காங்க. பள்ளிக்கூடத்துப் பிரம்பு மாதிரி ஊசியைக் காட்டினால், அதே ஊசியை நாளைக்கு மருந்துன்னு எப்படி நம்புவாங்க? சாப்பாடு, நடை எல்லாம் முக்கியம்தான், சந்தேகமே இல்லை. ஆனா ஒழுங்கா இருந்தவர்களுக்கும் பத்துப் பதினஞ்சு வருஷத்தில் இன்சுலின் தேவைப்படலாம். அது நோயின் போக்கு. தண்டனை இல்லை.

"இன்சுலின் போட்ட பிறகுதான் எங்க அப்பாவுக்குக் கால் போச்சு"

எல்லா பயத்திலும் பெரிய பயம் இதுதான். கண்ணால் பார்த்த சாட்சியோட வர்ற பயம் என்பதால் இதை 'மூடநம்பிக்கை' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. ஊர்ல ஒருத்தருக்கு இன்சுலின் ஆரம்பிச்சாங்க, ஆறு மாசத்தில் காலை எடுத்தாங்க. இன்னொருத்தருக்கு ஊசி போட ஆரம்பிச்ச அடுத்த வருஷம் கிட்னி போச்சு, டயாலிசிஸ். பார்த்தவங்க வேற என்ன முடிவுக்கு வருவாங்க?

ஆனா வரிசையைக் கொஞ்சம் பின்னாடி தள்ளிப் பாருங்க. அவருக்கு இன்சுலின் எப்போ சொன்னாங்க? ஒருவேளை அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே சொல்லியிருப்பாங்க. 'வேணாம், மாத்திரையே குடுங்க' என்று தள்ளிப்போட்டிருப்பார். அந்த அஞ்சு வருஷமும் சர்க்கரை 300-க்கு மேல் ஓடியிருக்கும். கால் நரம்பு மரத்து, முள்ளு குத்தினாலும் தெரியாத நிலை வந்திருக்கும். கண்ணுக்குப் பின்னாடி இருக்கிற ரத்தக் குழாய்களும், கிட்னியின் சின்னச் சின்ன வடிகட்டிகளும் சத்தமில்லாமல் கெட்டிருக்கும். கடைசியில் புண் அழுகி, வேற வழியில்லாமல் மருத்துவமனையில் சேர்த்தபோது இன்சுலின் ஆரம்பிச்சிருப்பாங்க. ஊருக்குத் தெரிஞ்சது ஊசியும் அதுக்கு அடுத்து நடந்த ஆபரேஷனும்தான். முன்னாடி ஓடின அஞ்சு வருஷம் யார் கண்ணுக்கும் தெரியலை.

தீயணைப்பு வண்டி வந்த வீடெல்லாம் எரிஞ்சிருக்கு என்பதற்காக வண்டிதான் கொளுத்துச்சுன்னு சொல்ல மாட்டோம் இல்லையா?

மேலே சொன்ன யு.கே.பி.டி.எஸ். ஆய்வில், சர்க்கரையைக் கூடுதல் கட்டுப்பாட்டில் வெச்சவங்களுக்கு கண், கிட்னி போன்ற சிறு ரத்தக் குழாய்ப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைஞ்சிருந்தது. அந்தக் கட்டுப்பாட்டுக்கு மாத்திரையும் பயன்படுத்தினாங்க, இன்சுலினும் பயன்படுத்தினாங்க. அதாவது கண்ணையும் கிட்னியையும் காப்பாத்துற பக்கத்தில்தான் இன்சுலின் நிக்குது.

ஒருமுறை ஆரம்பிச்சா விடவே முடியாதா?

'பழகிடும்' என்று சொல்வாங்க, ஏதோ குடிப்பழக்கம் மாதிரி. இன்சுலின் நம்ம உடம்பே சுரக்கிற ஒரு ஹார்மோன். சோறு தினமும் சாப்பிடுறதை யாரும் அடிமைப் பழக்கம்னு சொல்றதில்லை. தேவை இருக்கிற வரைக்கும் தேவை, அவ்வளவுதான்.

பலருக்கு இது தற்காலிகம்தான். ஆபரேஷன் நேரத்தில், கால் புண் ஆறும் வரை, கடுமையான காய்ச்சல் தொற்று இருக்கும்போது, சில காசநோயாளிகளுக்குச் சிகிச்சைக் காலத்தில் என்று இன்சுலின் போட்டு, பிறகு மாத்திரைக்கே திரும்பியவங்க நிறைய பேர். கர்ப்பகாலத்தில் வரும் சர்க்கரைக்கு, சாப்பாட்டு முறையில் கட்டுக்குள் வராவிட்டால் இன்சுலின் போடுவாங்க. குழந்தை பிறந்ததும் பெரும்பாலானோருக்கு ஊசி நின்னுடும். ஆனா பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அவங்களுக்கு அதிகம் என்பதால் பரிசோதனையை விட்டுடக் கூடாது.

சர்க்கரை ரொம்ப அதிகமா இருக்கிற நேரத்தில் அந்தச் சர்க்கரையே பீட்டா செல்களை மயங்க வைக்கும். சில மாசம் இன்சுலின் போட்டு ஓய்வு கொடுத்தால் கணையம் கொஞ்சம் தேறி, ஊசியின் அளவு குறைவதும் நடக்கும். பல வருஷமா சர்க்கரை உள்ளவர்களுக்கு மட்டும் ஊசி தொடர வாய்ப்பு அதிகம். இதை மறைச்சு 'ரெண்டு மாசம்தான்' என்று சும்மா ஆறுதல் சொல்வது, பிறகு நம்பிக்கையைக் கெடுத்துடும்.

டைப் 1 என்ற இன்னொரு வகை இருக்கு. பெரும்பாலும் குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் வருவது. இங்கே கணையம் கிட்டத்தட்ட சுரப்பதே இல்லை. மாத்திரை வேலைக்கு ஆகாது. ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. வாட்ஸ்அப்பில் வரும் 'ஊசிக்கு குட்பை' மூலிகைக் கஷாயத்தை நம்பி இந்தக் குழந்தைகளுக்கு இன்சுலினை நிறுத்துவது போன்ற விபரீதம் வேறு இல்லை.

29 கிலோ எடை, 14 வயசுப் பையன்

நூறு வருஷத்துக்கு முன்னாடி டைப் 1 வந்த குழந்தைகளுக்கு மருந்தே கிடையாது. பட்டினி போட்டு சில மாசம், அதிகபட்சம் ஒண்ணு ரெண்டு வருஷம் உயிரை நீட்டுவாங்க. 1922 ஜனவரி 11. கனடாவின் டொரண்டோ பொது மருத்துவமனையில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயசுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. அப்போ அவன் எடை 29 கிலோதான். முதல் ஊசி சரியா சுத்திகரிக்கப்படாததால் பலன் தரலை, ஊசி போட்ட இடம் வீங்கிச்சு. ஜேம்ஸ் கோலிப் என்ற வேதியியலாளர் மருந்தைச் சுத்தப்படுத்திக் கொடுக்க, ஜனவரி 23-ல் மறுபடி போட்டாங்க. சர்க்கரை இறங்கியது. பையன் தேறினான். அதுக்கப்புறம் 13 வருஷம் வாழ்ந்தான்.

இதைக் கண்டுபிடிச்ச குழுவில் இருந்த ஃபிரெடெரிக் பேண்டிங்குக்கும் ஜான் மெக்லியோடுக்கும் 1923-ல் நோபல் பரிசு கிடைச்சது. காப்புரிமையை டொரண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தாங்க. பேண்டிங் பிறந்த நவம்பர் 14-ஐத்தான் உலக நீரிழிவு நாளாகக் கடைப்பிடிக்கிறோம்.

அந்தக் காலத்தில் மாடு, பன்றியின் கணையத்திலிருந்துதான் இன்சுலின் எடுத்தாங்க. அந்த ஞாபகத்தில் இன்னமும் சிலர் மத நம்பிக்கை காரணமாகவோ, சைவம் என்பதாலோ தயங்குவது உண்டு. 1982-ல் மனித இன்சுலினைப் போலவே நுண்ணுயிர்களில் தயாரிக்கப்பட்ட மருந்து சந்தைக்கு வந்துடுச்சு. இப்போ வழக்கமா கொடுக்கப்படுவது இந்த வகைதான்.

வலிக்குமா? எங்கே போடணும்? எப்படிப் போடணும்?

ஊசி என்றதும் மனசில் வருவது காய்ச்சலுக்கு இடுப்பில் போடுற ஊசி. அது தசையில் ஆழமா இறங்கும். இன்சுலின் ஊசி அப்படியில்லை. நரம்பிலும் போடுவதில்லை, தசையிலும் போடுவதில்லை. தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்பில் மட்டும். பேனா ஊசியின் நீளம் 4 மில்லிமீட்டர், ஒரு அரிசி மணியைவிடச் சின்னது. சிரிஞ்சில் வரும் ஊசி 6 அல்லது 8 மில்லிமீட்டர். தடிமன் கால் மில்லிமீட்டர் அளவு. விரல் நுனியில் குத்தி சுகர் பார்க்கிறோமே, அதுதான் உண்மையில் அதிகம் வலிக்கும். முதல் ஊசியை மருத்துவமனையிலேயே நர்ஸ் முன்னாடி தானே போட்டுப் பார்த்தவங்க பலரும், 'இவ்ளோதானா?' என்று கேட்பதுண்டு.

போட ஏத்த இடம் வயிறு. தொப்புளைச் சுத்தி ரெண்டு விரல்கடை விட்டுட்டுப் போடலாம். தொடையின் வெளிப்பக்கமும் சரி. ஒரே இடத்தில் தினமும் போட்டால் அங்கே கொழுப்பு கட்டி கட்டியா திரளும். அந்தக் கட்டியில் போட்டால் வலி தெரியாது, அதனாலேயே பலர் அங்கேயே போடுவாங்க. ஆனா அங்கிருந்து மருந்து சரியா உறிஞ்சப்படாது. ஒரு நாள் சர்க்கரை ஏறும், ஒரு நாள் திடீர்னு இறங்கும். எனவே ஒவ்வொரு தடவையும் ஒரு விரல்கடையாவது தள்ளிப் போடுங்க.

இப்போ ரொம்ப முக்கியமான விஷயம். இதை மட்டும் வேகமா ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. நம்ம ஊரில் இன்சுலின் ரெண்டு அடர்த்தியில் கிடைக்குது. அரசு மருத்துவமனைகளில் வழக்கமா கிடைக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் மருந்திலும் சில விலை கூடிய குப்பிகளிலும் ஒரு மில்லிக்கு 100 யூனிட். ரெண்டுக்கும் தனித்தனி சிரிஞ்ச். 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 20 இல்லை, 50 யூனிட். ரெண்டரை மடங்கு! மயக்கம் போட்டு விழ இது போதும். மாத்திப் போட்டால், அதாவது 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் எடுத்தால், பாதி மருந்துகூட போகாது. 'ஊசி போட்டும் சுகர் குறையலை' என்று சொல்ற சில வீடுகளில் காரணம் இதுவா இருக்கலாம். மருந்துக்கடையில் வாங்கும்போது குப்பியைக் கையில் காட்டி அதுக்கான சிரிஞ்ச் கேளுங்க.

போடும் முறை பெரிய வித்தை இல்லை. கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க. மருந்தின் பேரும் காலாவதித் தேதியும் சரியான்னு பாருங்க. பால் மாதிரி கலங்கலா இருக்கும் வகை என்றால் குப்பியை ரெண்டு உள்ளங்கைக்கு நடுவில் வெச்சு மெதுவா உருட்டணும், டானிக் பாட்டில் மாதிரி குலுக்கக் கூடாது. எத்தனை யூனிட் மருந்து எடுக்கணுமோ அத்தனை யூனிட் காற்றை முதலில் சிரிஞ்சில் இழுத்து, குப்பிக்குள் செலுத்தணும். அப்புறம் குப்பியைத் தலைகீழாப் பிடிச்சு மருந்தை இழுக்கணும். குமிழ் இருந்தால் லேசா சுண்டிவிட்டு வெளியேத்துங்க. ஒல்லியான உடம்புக்காரங்க தோலை ரெண்டு விரலால் லேசா கிள்ளிப் பிடிச்சு நேராக் குத்தலாம். மருந்தை முழுசா அழுத்தின பிறகு பத்து எண்ணிட்டு ஊசியை எடுங்க. தேய்க்க வேண்டாம்.

எத்தனை யூனிட், ஒரு வேளையா ரெண்டு வேளையா என்பதையெல்லாம் டாக்டர்தான் சொல்லணும். பக்கத்து வீட்டுக்காரர் அளவு உங்களுக்குப் பொருந்தாது. வழக்கமா சின்ன அளவில் ஆரம்பிச்சு, சில நாளுக்கு ஒருமுறை வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பார்த்துப் பார்த்து ஏத்துவாங்க. அதனால் முதல் வாரமே 350 குறைஞ்சு 120 ஆகிடும்னு எதிர்பார்க்காதீங்க. 'ஊசியும் வேலை செய்யலை' என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். பழைய மாத்திரைகளையும் நீங்களா நிறுத்தாதீங்க. மெட்ஃபார்மினைப் பெரும்பாலும் தொடரச் சொல்வாங்க.

கண் சரியாத் தெரியாதவங்க, கை நடுங்குறவங்க என்ன பண்றது? கிராமத்தில் இதுக்குப் பதில் பெரும்பாலும் மருமகளோ பேரனோதான். முதல் நாள் மருத்துவமனைக்கு அவங்களையும் கூட்டிட்டுப் போங்க. கத்துக்க வேண்டியது ஊசி போடப்போற கைதான். பேனாவில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 'டிக்' சத்தம் கேட்கும் என்பது பார்வை குறைஞ்சவங்களுக்கு வசதி. ஆனா விலை கூடுதல். வசதி இல்லையே என்று வருத்தப்படத் தேவையில்லை, குப்பி மருந்தைச் சரியாப் போட்டாலே சர்க்கரை இறங்கும்.

வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லையே?

மே மாசத்தில் 40 டிகிரியைத் தொடும் காஞ்சிபுரம் வெயிலில் இது நியாயமான கேள்வி. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள், அதாவது ஃபிரிட்ஜின் கதவுப் பக்கத்தில் வைக்கணும். ஃப்ரீசரில் வைக்கவே கூடாது, உறைஞ்சுபோன மருந்து குப்பைக்குத்தான். பிரிச்சு பயன்பாட்டில் இருக்கும் குப்பியை, வெயில் படாத, சூடில்லாத இடத்தில் சுமார் நாலு வாரம் வைச்சுக்கலாம். பிரிச்ச தேதியை லேபிள் மேல பேனாவால் எழுதிடுங்க.

ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு நம்ம ஊர் மண்பானையே உதவும். பெரிய பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல். குப்பியைத் தண்ணி புகாத டப்பாவில் போட்டு சின்னப் பானைக்குள் வெச்சு மூடி, காத்தோட்டமான நிழலில் வைக்கணும். மணல் காயாமல் பார்த்துக்கணும். ஈரம் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் சில டிகிரி குறையும். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் கென்யாவின் அகதிகள் முகாம் ஒன்றின் வெப்பநிலையை வெச்சு 2021-ல் ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. 25 டிகிரிக்கும் 37 டிகிரிக்கும் இடையே ஏறி இறங்கும் சூட்டில் நாலு வாரம் இருந்த இன்சுலின், ஃபிரிட்ஜில் இருந்ததைப் போலவே வீரியத்தோட இருந்தது.

அதுக்காக பைக் சீட்டுக்கு அடியிலோ, ஓட்டு வீட்டுப் பரணிலோ வைக்கலாம்னு அர்த்தம் இல்லை. அங்கே சூடு 37-ல் நிக்காது. ஒரு கணக்கும் சொல்லிடலாம்: 40 யூனிட் அடர்த்தியில் 10 மில்லி குப்பி என்றால் மொத்தம் 400 யூனிட். நாளைக்கு 20 யூனிட் போடுறவங்களுக்கு 20 நாள் வரும். நாலஞ்சு குப்பியை வாங்கி வீட்டில் அடுக்காமல், ஒவ்வொண்ணா வாங்குவது ஃபிரிட்ஜ் இல்லாதவங்களுக்கு நல்லது.

உண்மையாவே பயப்பட வேண்டிய ஒரு விஷயம்

இன்சுலினில் ஆபத்தே இல்லைன்னு சொன்னால் அது பொய். சர்க்கரை ரொம்பக் குறைஞ்சுபோவதுதான் அந்த ஆபத்து. 70-க்குக் கீழே போனால் 'லோ சுகர்'. கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், அகோரப் பசி எடுக்கும், கண்ணு மங்கும், பேச்சு குழறும்.

ஊசியைப் போட்டுட்டு சாப்பிடாமல் போவதுதான் பெரும்பாலும் இதுக்குக் காரணம். நடவுக்கோ, களையெடுக்கவோ, நூறு நாள் வேலைக்கோ காலையில் அவசரமா கிளம்புறவங்க இதில் மாட்டிக்குவாங்க. விடியக்காலையில் ஊசியைப் போட்டுட்டு, 'பத்து மணிக்கு அங்கேயே கூழ் குடிச்சுக்கலாம்' என்று வயலில் இறங்கினால், பத்து மணிக்குள்ளேயே தலை சுத்தும். விரதம், ஆடி மாசக் கோயில் காப்பு, நோன்பு என்று சாப்பாட்டு நேரம் மாறும் நாட்களைப் பத்தி முன்னாடியே டாக்டரிடம் பேசிடுங்க. வேலை நேரத்துக்கும் சாப்பாட்டு நேரத்துக்கும் ஏத்த மாதிரி மருந்தின் வகையையும் நேரத்தையும் அவரால் மாத்தித் தர முடியும். ஆனா நீங்க சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

லோ சுகர் வந்தால் உடனே மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில் கலந்து குடிக்கணும். கால் மணி நேரம் கழிச்சும் சரியாகலைன்னா இன்னொரு தடவை. தேறினதும் இட்லியோ சோறோ ஏதாவது சாப்பிடணும். இந்த நேரத்தில் லட்டு, சாக்லேட் வேண்டாம். அதில் உள்ள நெய்யும் கொழுப்பும் சர்க்கரையை ரத்தத்தில் சேரவிடாமல் தாமதப்படுத்தும். முந்தானை முடிச்சிலோ சட்டைப் பையிலோ ஒரு சின்ன சர்க்கரைப் பொட்டலம் எப்பவும் இருக்கட்டும். நினைவில்லாமல் கிடப்பவர் வாயில் எதையும் ஊத்தக் கூடாது, மூச்சுக்குழாயில் போயிடும். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு 108-க்குப் போன் பண்ணுங்க.

இன்னொண்ணு. லோ சுகரில் தள்ளாடி, குழறிப் பேசுற ஆம்பளையைப் பார்த்து 'குடிச்சிருக்கான்' என்று ஊரே ஒதுங்கிப் போகும். கூட வேலை செய்றவங்ககிட்ட, 'நான் இன்சுலின் போடுறேன்' என்று சொல்லி வைப்பதில் வெட்கம் வேண்டாம். உண்மையாவே குடிக்கிறவங்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம், ஏன்னா வெறும் வயிற்றில் சாராயம் சர்க்கரையை மேலும் இறக்கும்.

எடை கூடும் என்ற பயத்திலும் கொஞ்சம் உண்மை இருக்கு. சிறுநீரில் வீணாப் போய்க்கிட்டிருந்த சர்க்கரை இப்போ உடம்பில் சேருது, அதனால் ரெண்டு மூணு கிலோ ஏறலாம். இளைச்சுத் துரும்பா இருந்த நம்ம அம்மாவுக்கு அது நல்லதுதான். ஏற்கனவே பருமனா இருப்பவங்க சோத்தின் அளவைக் கவனிக்கணும்.

கிராமத்தில் இதெல்லாம் நடக்குமா?

நடந்திருக்கு, அதுவும் பக்கத்திலேயே. இப்போ செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் சூணாம்பேடு, 2019-ல் மாவட்டம் பிரியும் வரை காஞ்சிபுரம் மாவட்டம்தான். 2006-ல் டாக்டர் வி.மோகன் தலைமையிலான சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம், உலக நீரிழிவு அறக்கட்டளையின் உதவியோடும் இஸ்ரோவின் செயற்கைக்கோள் இணைப்போடும் அங்கே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கண் விழித்திரையைப் படமெடுக்கும் கேமரா, கால் நரம்பைச் சோதிக்கும் கருவி எல்லாம் ஏத்தின ஒரு வேன், 42 கிராமங்களைச் சுத்தி வந்தது. 23,380 பேரைப் பரிசோதிச்சதில் 1,138 பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. ஊரிலேயே ஒரு சிகிச்சை மையமும் வந்தது.

மூணு மாச சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு, சிகிச்சைக்கு வந்தவங்களுக்கு ஒரே வருஷத்தில் 9.3-லிருந்து 8.5 ஆகக் குறைஞ்சது. பெரும்பாலானோருக்கு 7-க்குக் கீழே இருப்பதுதான் இலக்கு என்பதால் இன்னும் தூரம் இருக்கு. ஆனா கவனிக்க வேண்டிய எண் வேற: மேல்சிகிச்சைக்காகச் சென்னைக்கு அனுப்ப வேண்டியிருந்தவங்க 5 சதவீதத்துக்கும் குறைவு. மத்தவங்களை எல்லாம் ஊரிலேயே பார்த்துக்க முடிஞ்சிருக்கு.

நாடு முழுக்க 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதா 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வு மதிப்பிட்டது. இத்தனை பேரையும் பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் பார்க்க முடியாது என்பது வெளிப்படை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறாங்க. உங்க தெருவுக்கு வர்றவங்ககிட்ட ஊசி பத்தின சந்தேகத்தையும் கேளுங்க. டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்வியை ஊர்க்காரப் பெண்ணிடம் சுலபமாக் கேட்டுடலாம். இன்சுலின் குளிர்ச்சியில் வைக்க வேண்டிய மருந்து என்பதால், எந்த நாளில் எங்கே வாங்கிக்கணும், சிரிஞ்சும் சேர்த்துக் கிடைக்குமா என்பதை உங்க ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, அரசு மருத்துவமனையின் தொற்றா நோய்ப் பிரிவிலோ கேட்டு வெச்சுக்கோங்க. அரசு மருத்துவமனைகளில் இன்சுலினுக்குக் காசு கிடையாது. 104 எண்ணுக்குப் போன் பண்ணியும் மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

போகும்போது வெறும் கையோட போகாதீங்க. இப்போ சாப்பிடுற எல்லா மாத்திரை அட்டையும், பழைய ரிப்போர்ட்டும், ஊசி போட்டுவிடப்போற வீட்டு ஆளும் கூட வரட்டும். காலில் புண் இருந்தால் செருப்பைக் கழட்டிக் காட்டிடுங்க, கேட்கட்டும்னு காத்திருக்க வேண்டாம்.

பயன்படுத்தின ஊசியைத் தெருக் குப்பையில் போடாதீங்க, தூய்மைப் பணியாளர் கையில் குத்தும். ஒருத்தர் ஊசியை இன்னொருத்தர், புருஷன் பொண்டாட்டியா இருந்தாலும், போட்டுக்கவே கூடாது. கெட்டியான ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டிலில் ஊசிகளைப் போட்டு மூடி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைங்க. பாட்டில் முக்கால்வாசி நிறைஞ்சதும், அடுத்த தடவை மருந்து வாங்கப் போகும்போது மருத்துவமனையிலேயே கொடுத்துடலாம்.